காலையில் துவைக்கும் மாமியாரும் இரவுக்கு மாற்றச் சொல்லும் மகனும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது:

"எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. நான், கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள். அண்மையில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். அடுத்த பில்லிலேயே 705 யூனிட்டாக இருந்தது 780 ஆகிவிட்டது. புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்கிறார் கணவர். படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கும் மூத்த மகனோ, நேரத்துக்கு நேரம் விலை மாறும் புதிய திட்டத்தில் சேர்ந்தால் நிறைய மிச்சம் பிடிக்கலாம் என்கிறான். இன்னும் சேரவில்லை. அதற்குள் எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும் என்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் 'இரவு 10 மணிக்குப் பிறகு மட்டும்' என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டான். மாமியார் காலை ஏழு மணிக்கே துவைத்துக் காயப்போட்டுப் பழகியவர். ராத்திரியில் ஈரத்துணியை எங்கே உலர்த்துவது என்று அவருக்குக் கோபம். இருவருக்கும் நடுவில் பதினொன்றரை மணி வரை விழித்திருந்து துணி காயப்போடுவது நான்தான். உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? திட்டத்தில் சேரலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

துணியை முதலில் முடித்துவிடுவோம், உங்கள் தூக்கம் அதில்தான் இருக்கிறது. மாமியார் காலை ஏழு மணிக்கே துவைக்கட்டும். காலை ஏழு மணி, மின்சாரம் விலை கூடும் உச்சநேரம் அல்ல. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் நேரவாரிக் கட்டணத்தில், வீடுகளுக்கு உச்சநேரம் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மட்டுமே. இரவு 10 மணிக்குத் தொடங்கும் மலிவு நேரம் மறுநாள் பிற்பகல் 2 மணி வரை நீள்கிறது. சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் இருபத்துநான்கு மணி நேரமும் மலிவுதான். ஆக, உங்கள் மாமியார் எந்த அட்டவணையையும் படிக்காமலேயே இத்தனை ஆண்டுகளாக மலிவு நேரத்தில்தான் துவைத்துக்கொண்டிருக்கிறார். மகன் 10 என்ற எண்ணைச் சரியாகப் பிடித்துக்கொண்டான், 2 என்ற எண்ணை விட்டுவிட்டான்.

சரி, அவர் மாலை நான்கு மணிக்கே துவைப்பவர் என்று வைத்துக்கொண்டாலும் என்ன நஷ்டம்? குளிர்ந்த நீரில் ஒரு முறை துவைக்க உங்கள் வீட்டு இயந்திரம் போன்ற ஒன்று கால் யூனிட்டிலிருந்து 0.3 யூனிட் வரை எடுக்கும். உச்சநேர விலைக்கும் மலிவு நேர விலைக்கும் உள்ள இடைவெளி யூனிட்டுக்கு 4.09 சென். 0.3 யூனிட் என்றால் ஒன்றேகால் சென்னுக்கும் குறைவு. மாதத்தில் 22 வேலை நாள் துவைத்தால் மொத்தம் 27 சென். அந்த 27 சென்னுக்காகத்தான் நீங்கள் பதினொன்றரை மணிக்கு நனைந்த கைலியை உதறிக்கொண்டு நிற்கிறீர்கள்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் சாதாரண வீட்டுக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்துபவருக்கு எரிசக்திக் கட்டணம் எல்லா நேரத்திலும் யூனிட்டுக்கு 27.03 சென். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் உச்சநேரத்தில் 28.52, மற்ற நேரத்தில் 24.43. இதன் மேல் திறன் கட்டணம் 4.55 சென், மின்கம்பிக் கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென் இரண்டும் எப்போதும் உண்டு, அவை நேரம் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரணக் கட்டணம் 44.43 சென், உச்சநேரம் 45.92, மலிவு நேரம் 41.83. உச்சநேரத்தைவிட மற்ற நேரம் ஒன்பது விழுக்காடு மலிவு, அவ்வளவே. 'பாதி விலைக்கு மின்சாரம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

இடைவெளி சிறியதுதான், ஆனால் அது நமக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கிறது. உச்சநேரத்தில் கூடுவது 1.49 சென், மற்ற நேரத்தில் குறைவது 2.60 சென். கணக்குப் போட்டுப் பார்த்தால், உங்கள் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக்கு மேல் உச்சநேரத்தில் செலவானால்தான் திட்டத்தில் சேர்ந்தவருக்குக் கை கடிக்கும். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்சநேரம் 40 மணி நேரம்தான். சாதாரணக் குடும்பம் அந்த நாற்பது மணி நேரத்தில் தன் மின்சாரத்தில் அவ்வளவு பெரிய பங்கைக் கொட்டித் தீர்ப்பது அரிது. அதுவும் நம் ஊரில் வீட்டு மின்சாரத்தின் பெருந்தீனிக்காரன் படுக்கையறை ஏர்கோன் (குளிரூட்டி). அவன் வேலைக்கு வருவதே இரவு பத்து மணிக்குத்தான்.

இதை உங்கள் வீட்டுக் கணக்கிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் கடிதம் கிடைத்ததும் உங்களை அழைத்து, ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதச் சொன்னேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பிற்பகல் இரண்டு மணி எண், இரவு பத்து மணி எண் என்று இரண்டு வரிசையாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். இவ்வளவு துப்புரவான கணக்கைப் பெரிய அலுவலகங்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. திங்கள் 11 யூனிட், செவ்வாய் 12, புதன் 10, வியாழன் 13, வெள்ளி 14. (வெள்ளிக்கிழமை யாரோ விருந்துக்கு வந்திருக்க வேண்டும்.) ஐந்து நாள் உச்சநேரக் கூட்டுத்தொகை 60. ஏழு நாள் மொத்தம் 182. அதாவது மூன்றில் ஒரு பங்கு. நஷ்டத்தின் எல்லைக்கு நீங்கள் மிகத் தொலைவில் இருக்கிறீர்கள்.

மாதம் 780 யூனிட்டில் 257 உச்சநேரத்திலும் 523 மற்ற நேரத்திலும் போகிறது என்று வைத்துக்கொண்டால், எரிசக்திக் கட்டணம் 210 வெள்ளி (ரிங்கிட்) 83 சென்னிலிருந்து 201 வெள்ளி 7 சென்னாக இறங்கும். மிச்சம் 9 வெள்ளி 76 சென். வீட்டில் ஒரு பழக்கத்தையும் மாற்றாமல், ஒருவரையும் விரட்டாமல் கிடைப்பது இது. ஆகவே சேருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருப்பதால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது, தெனாகாவின் மைடிஎன்பி செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் தானாக மாறாது, நீங்கள் கேட்டால்தான் மாற்றுவார்கள். விண்ணப்பத்தில் உள்ள நிபந்தனைகளை, குறிப்பாகப் பழைய கட்டணத்துக்குத் திரும்புவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை, மகனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

இதற்கு மேல் பாடுபட்டு, தினமும் உச்சநேரத்தில் போகும் மின்சாரத்தை இழுத்துப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கைக் கால் பங்காக ஆக்கினால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். 62 யூனிட்டை வேறு நேரத்துக்குத் தள்ள வேண்டும், அதற்குக் கூலி 2 வெள்ளி 54 சென். ஒரு மாதத்துக்கு! வாராந்திர இஸ்திரியைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வது, தீபாவளிப் பலகாரத்துக்கு மின்அடுப்பு மூட்டும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது போன்றவை எளிதாக வந்தால் செய்யுங்கள். மாவாட்டும் கிரைண்டருக்கெல்லாம் நேரம் பார்க்க வேண்டாம். ஒரு முறை ஆட்டினால் அரை சென்கூட மிஞ்சாது, மாவு புளிப்பதற்கு அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது.

யார் சேரக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே மாலை வகுப்பு நடத்துபவர், பிற்பகல் முழுக்கக் கூடத்தில் பெரிய ஏர்கோன் ஓடவிட்டு இரவில் விசிறியோடு தூங்குபவர் போன்றவர்கள் முதலில் உங்களைப் போல ஒரு வாரம் எழுதிப் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு யோசனையே வேண்டாம், இரவு பத்துக்குப் பிறகு செருகி வைத்தால் மாதம் 300 யூனிட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும்.

உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாக மின்சார வேலையாக வீடுவீடாக ஏறி இறங்குகிறேன், மீட்டர் மாற்றிய எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. பழைய சுழல்தட்டு மீட்டர் வயதானால் சற்று மெதுவாக ஓடுவதுண்டு, வீடு பூட்டியிருந்த மாதங்களில் உத்தேசமாகப் போட்ட பில் பிறகு சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே அவருடைய சந்தேகத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன், சோதித்துப் பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 1000. விநியோகப் பெட்டியில் மெயினை விட்டுவிட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் உள்ள சுவிட்சை எல்லாம் இறக்கிவிடுங்கள். விளக்கு மினுக்குவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது வேறு கதை, உடனே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டால், சமையலறைச் சுவிட்சை மட்டும் ஏற்றி, அந்த இணைப்பில் வேறு எதுவும் ஓடாதபடி பார்த்துக்கொண்டு, 2,000 வாட் மின்கெண்டியில் ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர் வைத்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். நூறை ஒட்டி மினுக்கினால் மீட்டர் சரி. கெண்டி தன் பெயர்ப்பலகையில் உள்ள வாட்டை அப்படியே எடுக்காது, அதனால் ஐந்தாறு முன்பின் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். நூற்றைம்பது வந்தால் எண்ணிய தாளோடு புகார் கொடுங்கள். கணவரையே எண்ணச் சொல்லுங்கள், நாம் எண்ணிச் சொன்னால் நம்ப மாட்டார்.

ஆனால் சகோதரி, 75 யூனிட் எங்கே போயிற்று என்பதற்கு எனக்கு வேறோர் ஊகம் இருக்கிறது. தொலைபேசியில் தேதிகளைக் கேட்டேன் அல்லவா? மீட்டர் மாட்டிய அதே வாரத்தில்தான் மூத்தவர் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அவருடைய அறையின் ஏர்கோன் அதுவரை மூடியே கிடந்தது. இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ஓடுகிறது என்றீர்கள். நாளுக்கு இரண்டரை யூனிட் என்பது ஒரு சிறிய ஏர்கோனுக்கும் ஒரு கணினிக்கும் பிற்பகல் வேலை. பிள்ளையைக் குறை சொல்லவில்லை. வெயிலில் மேல்மாடி அறை அடுப்பாகத்தான் இருக்கும். மீட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் வீட்டில் ஆள் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டண மாற்றத்தின் மேலும் பழி போட முடியாது: பழைய படிநிலைக் கணக்கில் 780 யூனிட்டுக்கு 330 வெள்ளி 8 சென் வந்திருக்கும், புதிய கணக்கில் வரிகளுக்கு முன் 325 வெள்ளி 35 சென்தான் வருகிறது.

அந்த 325 வெள்ளியை எப்படிப் போட்டேன் என்று சொல்லும்போதுதான் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம் வருகிறது. 780 யூனிட்டை 44.43 சென்னால் பெருக்கினால் 346 வெள்ளி 55 சென். சில்லறைக் கட்டணம் என்று மாதம் 10 வெள்ளி. பிறகு, எரிசக்திச் சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு கழிவு. இந்தக் கழிவு மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு உண்டு. குறைவாகப் பயன்படுத்தினால் யூனிட் ஒன்றுக்குக் கழிவு அதிகம், ஏற ஏறத் தேயும். 200 யூனிட் வரை 25 சென், 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5, 651 முதல் 700 வரை 5.5, அதற்கடுத்த ஐம்பதில் 4.5, உங்கள் 780 விழும் படியில் 4 சென். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்களோ, அந்தப் படியின் கழிவே முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழைய கட்டணத்தில் முதல் 200 யூனிட் யாருக்கும் மலிவு, மேலே போகப் போக மேலே உள்ளதற்கு மட்டும் விலை கூடும். இப்போது அப்படி இல்லை. ஒரு படி ஏறினால் கீழே உள்ள எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துக் கழிவு குறைகிறது.

600இல் ஒரு செங்குத்து ஏற்றமே இருக்கிறது. 600 யூனிட் வரை சில்லறைக் கட்டணம் 10 வெள்ளி கிடையாது. மாதாமாதம் மாறும் எரிபொருள் விலைச் சரிகட்டலும் கிடையாது. 8 விழுக்காட்டுச் சேவை வரியும் 600க்கு மேற்பட்ட யூனிட்டுக்குத்தான். 600 யூனிட்டில் நின்றால், மற்ற வசூல்கள் நீங்கலாக, பில் 212 வெள்ளி 58 சென். 601 ஆனால், வரியும் சரிகட்டலும் சேர்க்காமலேயே 231 வெள்ளி 95 சென். அந்த ஒரே யூனிட்டின் விலை பத்தொன்பது வெள்ளிக்கு மேல்! என் தொழிலில் நான் பார்த்த மின்சாரத்திலேயே விலையுயர்ந்தது அந்த அறுநூற்று ஓராவது யூனிட்தான். இதைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். உச்சநேரத்தை மட்டும் எல்லாரும் வாய்நிறையப் பேசுகிறார்கள்.

உங்கள் வீடு 780இலிருந்து 600க்கு இறங்கினால், வரிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலே மாதம் 112 வெள்ளிக்கு மேல் மிச்சம். நேரவாரித் திட்டம் தரும் ஒன்பதே முக்கால் வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போது பயன்படுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதற்குத்தான் இந்தக் கட்டணம் பரிசு தருகிறது. உங்கள் மகனின் உற்சாகம் நல்லதுதான், அது தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

180 யூனிட்டை எங்கிருந்து எடுப்பது? நீங்கள் சொன்னவற்றிலிருந்து மூன்று இடம் எனக்குத் தெரிகிறது.

பின்கட்டில் இருக்கும் பழைய குளிர்பெட்டி. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் பானம் வைக்க உதவும் என்று வைத்திருப்பது, மற்ற நாளில் அரைத்த தேங்காயும் இரண்டு போத்தல் தண்ணீரும் இருக்கும் என்றீர்கள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் என் வீட்டிலும் அப்படி ஒன்று பல ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள், வேலைக்கு எடுத்துப் போகும் அளவுக் கருவியைச் சும்மா அதன் பிளக்கில் செருகிவிட்டுப் போனேன். மறுநாள் பார்த்தால் 1.9 யூனிட். கதவின் ரப்பர் பிய்ந்து, உள்ளே பனி மலைபோல் கட்டியிருந்தது. நாளுக்கு 1.9 என்றால் மாதம் 57 யூனிட். உங்கள் பில்லில் அந்த 57 யூனிட் குறைந்தால், படி இறங்குவதையும் சேர்த்து 26 வெள்ளி 66 சென் மிச்சம். ஒரு பிளக்கைப் பிடுங்குவதற்கு! தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு திரும்பச் செருகிக்கொள்ளலாம். பிடுங்கியபின் கதவை ஒரு துணி வைத்துத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். சின்னப் பிள்ளைகள் உள்ளே புகுந்து கதவை மூடிக்கொள்ளாதபடி ஒரு கயிறும் கட்டுங்கள்.

அடுத்தது மேல்மாடிக் குளியலறையில் இருக்கும் தொட்டி வைத்த சுடுநீர்ச் சாதனம். சுவிட்ச் சுவரின் வெளியே கதவுக்குப் பின்னால் இருப்பதால் யாரும் அணைப்பதில்லை என்றீர்கள். யாரும் குளிக்காதபோதும் உள்ளே உள்ள தண்ணீர் ஆறும், அது திரும்பச் சூடேற்றும், மறுபடி ஆறும். பகலும் இரவும் இப்படியே. இதில் வீணாவது மட்டும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இருக்கும், மாதம் 35 என்று வைக்கிறேன். காலையில் பிள்ளைகள் எழுமுன் அரை மணி நேரம் போட்டு அணைத்தால் போதும், தொட்டி அன்று மாலை வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மாமியார் மாலையில் சூடாகக் குளிப்பவர் என்றால் அவருக்காக இன்னொரு முறை போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சுவிட்சைத் தொடும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அந்தச் சாதனத்துக்கென்று தனியாக, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று. சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் பில்லை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். ஈரக் குளியலறையில் உயிரைக் காப்பது அது.

மிச்சம் 90 யூனிட் வேண்டும். மூன்று அறை ஏர்கோன், முப்பது இரவு: ஓர் அறைக்கு ஓர் இரவில் ஒரே ஒரு யூனிட் குறைந்தால் தொண்ணூறு ஆகிவிட்டது. 18இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கொள்வதுதான் நம் வீடுகளில் வழக்கம், பிள்ளைகள் அதைச் சுகம் என்கிறார்கள். 24இலோ 25இலோ வைத்து, கூரை விசிறியை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். விடியற்காலை நாலரை மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். அந்நேரத்தில் வெளியே காற்றே குளிர்ந்துதான் இருக்கிறது, விசிறி போதும். முன்பக்க வலைத்தட்டைக் கழற்றி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். வலையில் கம்பளிபோல் தூசி படிந்த ஏர்கோன் எவ்வளவு நேரம் ஓடினாலும் அறை குளிராது. மாமியாரின் அறையை மட்டும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். வயதானவர்களுக்கு வெப்பமும் ஆகாது, அதிகக் குளிரும் ஆகாது, அவர் உடம்பு அவருக்குத்தான் தெரியும். அங்கே குறையாததை மகனின் அறையில் பிற்பகலில் ஈடுகட்டலாம். கணினியைக் கீழே கூடத்துக்கு இறக்கிவிட்டால் அவருடைய ஏர்கோனுக்கு மதிய வேலையே இல்லை. அது உச்சநேர யூனிட் என்பதால் அவருக்குப் பிடித்த கணக்கிலும் லாபம் வரும்.

முதல் மாதமே 600ஐ எட்டிவிட மாட்டீர்கள். 690இல் வந்து நின்றாலும் ஏமாற்றம் வேண்டாம், ஒவ்வோர் ஐம்பதும் ஒரு படி என்பதால் வழியிலேயே கூலி கிடைத்துக்கொண்டிருக்கும். பில் சுற்று எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பழைய பில்லில் பார்த்து நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டரின் உண்மையான பயன் இங்கேதான்: முன்பெல்லாம் மாதம் முடிந்து பில் வந்த பிறகுதான் தெரியும், இப்போது நாள்வாரிக் கணக்கு செயலியில் வந்துவிடுகிறது. இருபதாவது நாளில் 400ஐத் தாண்டாமல் இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். 430 என்றால் கடைசிப் பத்து நாள் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைத் தினமும் பார்க்கும் வேலையை மகனிடமே ஒப்படையுங்கள். இப்படிப்பட்ட வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள், அறிவிப்புத் தாள் எழுதி ஒட்டும் கை சும்மா இருக்காது.

அந்தத் தாளையும் வீணாக்க வேண்டாம். துணி இயந்திரத்திலிருந்து உரித்து, எழுத்தை மட்டும் மாற்றி, குளியலறைக் கதவுக்குப் பின்னால் உள்ள சுடுநீர்ச் சுவிட்சின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்: 'குளித்தபின் அணைக்கவும்.' இரண்டு பில் வந்ததும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் யூனிட்டை எழுதி எனக்கு அனுப்புங்கள். கணவர் மீட்டர் முன் நின்று எத்தனை மினுக்கு எண்ணினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.